அந்த அழுகுரல் நம் காதில் விழுகிறதா?



கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். வெளியூர் வியாபாரிகள் கூட்டம் ஒன்று மதீனாவுக்கு வந்து தொழும் திடலில் இரவு தங்குகிறது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக் கொண்டு கலீஃபாவே அவர்களுக்குக் காவலிருக்கப் புறப்படுகிறார். ஒரு கைக்குழந்தை அழுகிறது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு வருகிறார். மீண்டும் அழுகை. மீண்டும் போய்ச் சொல்கிறார். இரவின் கடைசிப் பகுதியிலும் அதே அழுகை. ஏனம்மா இப்படி என்று கேட்கிறார். கேட்பவர் யார் என்று அறியாத அந்தப் பெண் உண்மையைச் சொல்லி விடுகிறாள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித் தொகை தருகிறார். அதனால் மாதங்கள் நிரம்பும் முன்பே பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை விட மாட்டேன் என்கிறான் என்கிறாள்.

அன்று சுபுஹுத் தொழுகையில் கலீஃபா ஓதியது அழுகையால் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. தொழுகை முடிந்ததும் உத்தரவு பிறந்தது. இனி முஸ்லிம் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே உதவித் தொகை உண்டு. பால் மறக்கடிக்க யாரும் அவசரப்பட வேண்டாம்!

இந்தச் சம்பவத்தைக் கலீஃபாவின் நீதிக்கு உதாரணமாக நாம் பயான்களில் சொல்கிறோம். அதில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரு தாயின் மடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ள நாட்டின் தலைவர் நடந்து போனார். கேட்டார். தெரிந்து கொண்டார். தெரிந்ததும் மாற்றினார்.

இன்று நம் நிலை என்ன? சிறு குழந்தைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்குமான உதவிகளும் விவரங்களும் ஊரெங்கும் இலவசமாகக் கிடக்கின்றன. அவை நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. கொண்டு போய்ச் சேர்க்க ஆள் இல்லை. அந்த ஆள் யார்? நீங்கள்தான். நம் ஜமாஅத்துதான். இதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிறது.

பொம்பளைங்க பார்த்துக்குவாங்க!

நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பு ஒரே கூரையின் கீழ் மாமியார், நன்னிமார், நாத்தனார் என்று பத்துப் பேர் இருந்தார்கள். பிள்ளை இருமினால் கைவைத்தியம் சொல்ல ஆள் இருந்தது. இன்று வியாபாரத்துக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் குடிபெயர்ந்து இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவன் காலையில் கடை திறக்கப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு. பல வீடுகளில் அவன் துபாயிலும் ரியாத்திலும் இருக்கிறான். இருபத்திரண்டு வயதுப் பெண் கைக்குழந்தையுடன் தனியாக நிற்கிறாள். அவள் யாரிடம் கேட்பாள்?

பக்கத்து வீட்டில் கேட்கிறாள். மருந்துக் கடையில் கேட்கிறாள். கைப்பேசியில் வந்து விழும் தகவல்களைப் பார்க்கிறாள். கணவனிடம் கேட்டால், உம்மாவிடம் கேள் என்று முடித்து விடுகிறான். பிள்ளை விஷயம் பெண்கள் விஷயமாம்!

சகோதரனே, உனக்கு இந்த விலக்கைத் தந்தது யார்? மார்க்கம் தரவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனத்தை எடுத்துப் பார். பாலூட்டும் காலம் முழுமையாக இரண்டு ஆண்டுகள் என்று சொல்லும் அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் மீது கடமையாக்குகிறது. அதற்கு முன்பே பால் நிறுத்துவதானால் இருவரும் மனம் ஒப்பிக் கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்கிறது. ஒன்றும் தெரியாதவன் எப்படி ஆலோசனையில் உட்காருவான்? சரக்கின் விலை தெரியாமல் கொள்முதலுக்குப் போகாத நாம், பிள்ளை வளர்ப்பில் மட்டும் ஒன்றும் தெரியாமல் இருப்பதைப் பெருமையாகக் கருதுகிறோம்.

எங்கே என்ன இருக்கிறது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பிறப்புப் பதிவு. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கும் சமுதாயம் நாம். பிறப்பைக் கட்டணமின்றிப் பதிவு செய்யச் சட்டம் தரும் கெடு 21 நாட்கள். ஏழாம் நாள் வைத்த பெயரை 21ஆம் நாளுக்குள் பதிவேட்டில் ஏற்றுவதில் என்ன சிரமம்? பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். குடியுரிமை பற்றி மேடை மேடையாகப் பேசும் நாம், பிள்ளையின் முதல் ஆவணத்தில் முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஆளுக்கொரு எழுத்தில் பெயர் பதிந்துவிட்டு, பின்னர் விமான நிலையத்தில் நின்று தவிக்கலாமா? பெயரை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையில் கொண்டு போங்கள். பெற்றோர் பெயர் ஆதாரில் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது, கர்ப்ப காலப் பதிவு. உங்கள் பகுதிக்கு ஒரு கிராம சுகாதார செவிலியரோ நகர்ப்புற சுகாதார செவிலியரோ இருக்கிறார். கர்ப்பம் உறுதியானதும் அவரிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் தேவை. பிறப்புச் சான்றிதழ் பெறும்போது கேட்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிரம்பிய தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 2018 முதல் இதில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி என்று நடைமுறைக்கு வந்தது. இந்த எண் இல்லாமல் அதைப் பெற முடியாது.

மூன்றாவது, நம் ஊர்களில் பால்வாடி என்று அழைக்கப்படும் அங்கன்வாடி. 1975ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை இவை. தமிழகத்தில் மட்டும் 54,000க்கும் அதிகமான மையங்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் அனைவருக்கும் உரியவை. சத்துமாவு, மதிய உணவு, எடை பார்த்தல், முன்பருவக் கல்வி, தடுப்பூசிக்கு வழிகாட்டல் எல்லாம் உண்டு. நம்மில் பலர் அதை ஏழைகளின் இடம் என்று ஒதுக்கி விடுகிறோம். சத்துமாவு வாங்க வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். பிள்ளையின் எடை வயதுக்கேற்ப ஏறுகிறதா என்று மாதந்தோறும் பார்த்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

நான்காவது, வளர்ச்சிக் குறைபாட்டுப் பரிசோதனை. 2013ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் அடங்கிய குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையையும் 18 வயது வரை கவனிக்கும் திட்டம் இது. குறை தென்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. பிள்ளை அங்கன்வாடியில் பெயர் பதியவில்லை என்றால் இந்தக் குழுவின் கண்ணில் எப்படிப் படும்?

இவற்றோடு சில எண்களை மனப்பாடம் செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. ஆம்புலன்சுக்கு 108. மன உளைச்சலுக்கு 14416; தமிழிலேயே பேசலாம்.

யார் சொல்வதைக் கேட்பது?

விவரம் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது தமிழகம் முழுவதும் வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களை நினைத்துப் பாருங்கள். அதே போன்ற சந்தேகங்கள் அதற்கு முன்பு உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தின் மீதும் இருந்தன. அங்கே என்ன நடந்தது தெரியுமா? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவை யுனிசெஃப்புடன் கைகோத்தன. ஆலிம்களும் இமாம்களும் வீதியில் இறங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் அறிவிக்கப்பட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ கிருமியால் ஒரு குழந்தை கூட பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27ல் போலியோ இல்லாத பிராந்தியம் என்ற சான்று கிடைத்தது. இந்த வெற்றியில் நம் ஆலிம்களின் பங்கும் இருக்கிறது. பெருமையோடு சொல்லுங்கள்.

இன்னும் தயங்குபவர்களிடம் ஒரு கேள்வி. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் கொண்டுதானே ஹஜ்ஜுக்குப் போகிறீர்கள்? அப்போது எழாத சந்தேகம் பச்சிளம் பிள்ளைக்குப் போடும்போது மட்டும் ஏன் எழுகிறது? தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அரசு நிலையங்களில் இலவசம். பிறந்தவுடன், ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பது மாதம் முடிந்ததும், பிறகு ஒன்றரை வயதையொட்டி என்று வரிசை உண்டு. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

பழக்கங்களிலும் கவனம் தேவை. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சேனை வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் கூடத் தேவையில்லை என்பது மருத்துவர்களின் அறிவுரை. தஹ்னீக் என்ற பெயரில் தேன் தடவுகிறோம். ஹதீஸ்களில் வருவது பேரீச்சம்பழம். தேனில் ஷிஃபா உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியை ஒரு வயதுக்குட்பட்ட குடல் தாங்காது, கைகால் செயலிழக்கச் செய்யும் நோய் வரலாம் என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. ஒரு வருடம் பொறுத்துக் கொடுப்பதால் மார்க்கத்தில் எதுவும் குறைந்து விடாது.

மருந்துக் கடையும் மளிகைக் கடையும் நடத்தும் சகோதரர்களே! 1992ஆம் ஆண்டின் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதும், இலவசப் பொருள் கொடுத்து விற்பனையைத் தூண்டுவதும் குற்றம். டாக்டர் சொல்லி வாங்க வருபவருக்கு விற்பது வேறு. பால் பற்றவில்லை என்று கலங்கி நிற்கும் பெண்ணிடம் டின்னை எடுத்து நீட்டுவது வேறு. முன்னது வியாபாரம். பின்னதைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு.

சொல்ல வெட்கப்படும் இரண்டு விஷயங்கள்

ஒன்று, தாயின் மனம். பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மீது வெறுப்பு, சாகலாம் என்ற எண்ணம் நீடித்தால் அது நோய். மருந்து உண்டு, குணமாகும். நம் வீடுகளில் இதைக் காத்து கருப்பு என்றும் ஜின் தொல்லை என்றும் சொல்லி ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள். தாயத்து கூடுமா கூடாதா என்ற விவாதத்தை வேறு மேடையில் வைத்துக் கொள்வோம். ஓதிப் பார்ப்பவர்களும் சரி, அதை மறுப்பவர்களும் சரி, டாக்டரிடம் அழைத்துப் போவதைத் தாமதிக்கக் கூடாது என்பதில் ஒன்றுபட்டாக வேண்டும். நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. உயிர் போன பிறகு கைசேதப்பட்டு என்ன பயன்?

இரண்டு, பிள்ளையின் தாமதம். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடியின்றி உட்கார வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். இதில் ஏதாவது தவறினால், அவன் மாமாவும் நாலு வயசுலதான் பேசினான் என்று ஆறுதல் சொல்லாதீர்கள். காதைப் பரிசோதியுங்கள். காது கேளாத பிள்ளைக்குச் செய்யும் காக்ளியர் அறுவை சிகிச்சை, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. ஊர் என்ன சொல்லும், நாளை இவன் அக்காவைப் பெண் கேட்டு வருவார்களா என்று மறைத்து மறைத்து ஆறு வயதைத் தாண்டினால், போன காலம் திரும்பாது. அந்தப் பிள்ளையின் பேச்சைப் பறித்தது விதியல்ல, நம் வெட்கம்!

பள்ளிவாசலில் ஒரு மேசை

இதற்கெல்லாம் ஒரு பெரிய டிரஸ்ட் வேண்டும், கட்டடம் வேண்டும், வெளிநாட்டு நிதி வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டாம். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும்.

மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முகப்பில் அந்த மேசை போடப்படட்டும். படித்த இளைஞர்கள் இருவர் உட்காரட்டும். பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மகப்பேறு உதவி எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். யாரிடமும் ஒரு பைசா வாங்கக் கூடாது. பெண்களுக்கு அதே வாரத்தில் தனி நேரம், தனி இடம், பொறுப்பாளர்களும் பெண்களே. அங்கே சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி ஆசிரியையையும் அழைத்துப் பேச வையுங்கள். அங்கே சொல்லப்படும் குடும்ப விவரம் அமானிதம். டீக்கடைக்குப் போகக் கூடாது.

நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதே மணமகன் கையில் ஒரு தாளைக் கொடுக்கலாம். மேலே சொன்ன விவரங்களும் எண்களும் அந்தப் பகுதி செவிலியர் நிலையத்தின் இடமும் அதில் இருக்கட்டும். மஹர் எவ்வளவு என்று கேட்டு எழுதும் நாம், நாளைய தந்தைக்கு இதையும் சொல்லி அனுப்பலாமே!

வியாபாரிகளே, உங்கள் பங்கும் இருக்கிறது. உங்கள் கடையில் வேலை செய்யும் தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு வாரமாவது சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். தடுப்பூசி நாளில் அரை நாள் விடுங்கள். அவன் வீட்டுக் குழந்தைக்கு உடல்நலமில்லை என்றால் முகம் சுளிக்காதீர்கள். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழி கடை முதலாளிக்கும் பொருந்தும்.

இயக்க இளைஞர்களே! இட ஒதுக்கீட்டுக்காக வீதியில் நின்றோம். 2007ல் 3.5 சதவீதம் பெற்றோம். அந்த இடத்தில் போய் உட்காரும் பிள்ளையின் மூளையும் உடலும் உருவாவது முதல் ஆறு வருடத்தில். 2006ல் மத்திய அரசு அறிவித்த சிறுபான்மையினருக்கான புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சம் என்ன தெரியுமா? கல்விக் கடனும் அல்ல, வேலைவாய்ப்பும் அல்ல. சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பகுதிகளுக்கு அங்கன்வாடிச் சேவை நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான்! உங்கள் மஹல்லாவில் மையம் இருக்கிறதா? கட்டடம் ஒழுங்காக இருக்கிறதா? டாக்டர் குழு கடைசியாக எப்போது வந்தது? எத்தனை பிள்ளைகள் பதிவாகியுள்ளனர்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கேளுங்கள். இல்லையென்றால் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். நம் வரிப்பணத்தில் நடப்பதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.

பள்ளிவாசல் இதற்கா என்று சில பெரியவர்கள் முணுமுணுக்கக் கூடும். நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்க எண்ணித் தொழுகையைத் தொடங்குவார்கள். ஒரு குழந்தையின் அழுகை காதில் விழும். தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. குழந்தையின் அழுகைக்காகத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத், அதே காரணத்துக்காகப் பள்ளிவாசல் வாசலில் ஒரு மேசை போடத் தயங்கலாமா?

அந்த மேசைக்கு அடுத்த தெருவின் இந்துச் சகோதரியோ கிறிஸ்தவச் சகோதரியோ பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வந்தால் அவர்களையும் உட்கார வைத்து எழுதிக் கொடுங்கள். நூறு மேடைப் பேச்சால் வராத நல்லெண்ணம் அந்த ஒரு படிவத்தால் வரும்.

வருகிற ஜும்ஆவில் முத்தவல்லியைப் பாருங்கள். மேசை கேளுங்கள். அதற்கு முன்பு இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதி என்ன என்று பாருங்கள். உங்கள் மனைவியிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் சந்ததிகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கி, அவர்கள் விஷயத்தில் விசாரணையை நமக்கு இலேசாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.